மதராஸ் பட்டாளத்து ஆங்கிலேய மூதாதை எந்த ஊர்க்காரர்? கண்டுபிடிக்கும் வழி

கேள்வி இதுதான்: சென்னையில் வாழும் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். 1830களில் மதராஸ் பட்டாளத்தில் இருந்த ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்துதான் வம்சம் தொடங்குகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவருகிறார்கள். அவருடைய பெயரும் குடும்பப் பெயரும் தெரியும். இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊர் எது, பெற்றோர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், இங்கிலாந்தில் தேடத் தொடங்காதீர்கள். இந்தத் தேடலில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கின்றன. வில்லியம் பிரவுன், பிறப்பு 1805 வாக்கில் என்று ஏதாவது ஒரு தளத்தில் தட்டினால் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். வீட்டுக் கதைக்குக் கொஞ்சம் பொருந்துகிறவரை எடுத்து வம்ச மரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று வயதிலேயே இறந்து அதே ஊரில் அடக்கமாகியிருக்கலாம். வளர்ந்து அங்கேயே கல்யாணம் செய்து தச்சு வேலை பார்த்திருக்கலாம். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. பிறகு நாலு பேர் அந்த மரத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கிறார்கள், பொய் உறுதியாகிவிடுகிறது.

சொந்த ஊரைச் சொல்லும் தாள் ஒன்று உண்டு. அவர் வேலையில் சேர்ந்தபோதோ, கப்பல் ஏறியபோதோ, ஓய்வு பெற்றபோதோ, இறந்தபோதோ எழுதப்பட்ட தாள் அது. அந்தத் தாள் எந்த வரிசையில் இருக்கும் என்பது அவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே தேடலின் முதல் பாதி முழுவதும் மதராஸில்தான்.

உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு தலைமுறையையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பாவின் திருமணப் பதிவு, அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவு, தாத்தாவின் திருமணப் பதிவு என்று ஒவ்வொன்றும் அடுத்ததோடு கொக்கி மாட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் பைபிளின் முதல் பக்கம், ஜெபப் புத்தகத்துக்குள் செருகியிருக்கும் நினைவு அட்டைகள், ரயில்வே அல்லது தந்தித் துறைப் பணிப் பதிவேடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக்கு உங்கள் முதன்மை ஆதாரம் மதராஸ் மாகாணத்துத் தேவாலயப் பதிவுகள். குருவானவர்கள் தங்கள் பதிவேட்டின் நகலை மதராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே தொகுத்து லண்டனுக்கு இன்னொரு நகல் போனது. அந்த லண்டன் நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த பழைய லண்டன் அலுவலகம்) ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. 1698 முதல் தொடங்கும் வரிசை அது. வங்காளத்துக்கு 'என்/1', பம்பாய்க்கு 'என்/3'. இவற்றின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் உள்ளன. ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாக ஒரு பெயர் அட்டவணை கிடைக்கும். 1998இல் தொடங்கப்பட்ட 'ஃபிபிஸ்' என்னும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமும் தன் தரவுத்தளத்தை இலவசமாகத் தேடவிடுகிறது.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, இவை நகலின் நகல். பெயரில் எழுத்து மாறியிருக்கும், சில ஊர்களின் சில ஆண்டுகள் வந்தே சேர்ந்திருக்காது. சந்தேகம் வந்தால் மூலப் பதிவேட்டைத் தேடிப் போக வேண்டும். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் பதிவேடுகள் அது பிரதிஷ்டையான 1680ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. இரண்டு, கத்தோலிக்கப் பதிவுகள் இந்த வரிசையில் அரைகுறை. குடும்பம் கத்தோலிக்கம் என்றால் மறைமாவட்டத்தையும் அந்தந்தப் பங்கையும்தான் அணுக வேண்டும். மூன்று, பெயரைச் சுருக்கி எழுதும் வழக்கம். 'ஜேம்ஸ்' என்பதை மூன்றே எழுத்தில், ஒரு எஸ்ஸை மேலே தூக்கி எழுதுவார்கள். 'ஜான்' என்பதையும் இதுபோலவே சுருக்குவார்கள். அட்டவணை தயாரித்தவர் இதை மாற்றிப் படித்திருந்தால் உங்கள் ஆள் தேடலில் சிக்கவே மாட்டார். அப்போது ஊரையும் ஆண்டையும் வைத்துப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

அவருடைய பிள்ளைகள் எல்லாருடைய ஞானஸ்நானப் பதிவுகளையும் எடுங்கள். உங்கள் நேர் மூதாதையான ஒரு பிள்ளையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் அப்பாவின் பதவியும் படைப்பிரிவும் ஊரும் இருக்கும். முதல் பிள்ளைக்குப் பரங்கிமலையில் பீரங்கிப் படைக் கன்னர், இரண்டாவதுக்குப் பெங்களூரில் கார்ப்பரல், நான்காவதுக்குத் திருச்சிராப்பள்ளியில் சார்ஜென்ட் என்று வந்தால் அவருடைய வாழ்க்கைப் பாதையே கண்முன் வந்துவிடும். 'கண்டக்டர்' என்று பதவி வந்தால் அது ஆயுதக் கிடங்கிலோ படைத்தளவாடத் துறையிலோ இருந்த வாரன்ட் அதிகாரி. அந்தப் பதவிக்கு வந்தவர் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கியவர் என்பதால் சிப்பாய்ப் பதிவேடுகளில் தேடலாம்.

திருமணப் பதிவில் மணமகனின் தகப்பன் பெயரை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் அது பெரும்பாலும் இராது. ஆனால் சாட்சிகளின் பெயர்கள் இருக்கும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடக்கப் பதிவில் வயது இருக்கும், ஆனால் அது அருகில் இருந்தவர் சொன்ன வயது. இந்த வெயிலில் அன்றோ மறுநாளோ அடக்கம் செய்துவிடுவார்கள். யாரும் சான்றிதழ் பார்த்து எழுதவில்லை. முன்னே பின்னே ஐந்து வருடம் விட்டுக்கொடுங்கள்.

கல்லறைக் கல் இருந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் 'இன்ன கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) சேர்ந்தவர்' என்று அதில் வெட்டியிருக்க வாய்ப்புண்டு. மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் திரட்டி 1905இல் வெளியிட்ட தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. சாதாரணச் சிப்பாய்க்குக் கல் நாட்டப்பட்டது அரிது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தேவாலய முற்றத்தில் பாவியிருக்கும் பழைய கற்கள் வேறு இடத்துக் கல்லறைத் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. கல் இருக்கும் இடம் அடக்கம் நடந்த இடமாகாது.

கம்பெனிப் படையா, ராஜாவின் படையா?

எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. மதராஸில் அப்போது இரண்டு விதமான வெள்ளைச் சிப்பாய்கள் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தானே ஆளெடுத்து வைத்திருந்த ஐரோப்பியப் படை ஒன்று: மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட், பரங்கிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பீரங்கிப் படை போன்றவை. இன்னொன்று பிரிட்டிஷ் அரசின் சொந்தப் படை. சில ஆண்டுகளுக்கு இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பும். கம்பெனி ஆளின் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில், அரசுப்படை ஆளின் தாள்கள் லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில். தவறான கட்டடத்தில் வருடக்கணக்கில் தேடி, ஆளே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

பதிவில் ரெஜிமென்ட் பெயருக்கு முன்னால் 'மாட்சிமை தங்கிய' என்பதன் சுருக்கமான 'எச்.எம்.' இருந்தால் அரசுப்படை. வெறுமனே '34ஆம் ரெஜிமென்ட்' என்றிருந்தால் குழப்பம்: அது அரசின் 34ஆம் காலாட்படையாகவும் இருக்கலாம், மதராஸ் 34ஆம் சுதேசிக் காலாட்படையாகவும் இருக்கலாம். சுதேசிப் படைகளில் சார்ஜென்ட் மேஜர், குவார்ட்டர்மாஸ்டர் சார்ஜென்ட் என்று ஓரிரு வெள்ளையர்கள் இருப்பார்கள். அவர்கள் கம்பெனி ஆட்கள். அந்த ஆண்டில் அரசின் 34 எங்கே முகாமிட்டிருந்தது என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

கம்பெனிச் சிப்பாய் என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. கம்பெனி இங்கிலாந்தில் ஆள் சேர்த்து, கப்பல் வரும்வரை டெப்போ என்னும் படைமுகாமில் வைத்திருந்தது. அந்த டெப்போ வெகுகாலம் சாத்தமில் இருந்தது, 1843இல் எசெக்ஸ் கவுண்டியின் வார்லிக்கு மாறியது. அங்கே எழுதிய பதிவேடுகளும் கப்பலேற்றப் பட்டியல்களும் 'எல்/மில்/9' வரிசையில் உள்ளன. டெப்போ பதிவேட்டின் ஒரு வரியில் பெயர், வயது, உயரம், முகநிறம், கண் நிறம், முடி நிறம், முன்பு செய்த தொழில், பிறந்த பாரிஷும் (ஒரு தேவாலயத்தின் பங்கு எல்லை) கவுண்டியும், படையில் சேர்ந்த இடமும் தேதியும், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எந்தக் கப்பல் என்று இருக்கும். நீங்கள் தேடும் தாள் இதுதான்.

ஆனால் அதை எட்டுவதற்குக் கப்பலின் பெயரும் வந்த ஆண்டும் தெரிந்திருந்தால் வேலை எளிது. அவை மதராஸ் பக்கத்துத் தாள்களில் கிடைக்கும். மதராஸ் படைக்கு 'எல்/மில்/11' (வங்காளத்துக்கு 10, பம்பாய்க்கு 12). அதில் ஐரோப்பியச் சிப்பாய்களின் பதிவேடுகளும், ஆண்டுதோறும் எடுத்த ஆள்கணக்குப் பட்டியல்களும், இறப்பு, விலகல் பட்டியல்களும் உள்ளன. ஆகவே வரிசை இப்படி: பிள்ளையின் ஞானஸ்நானத்திலிருந்து படைப்பிரிவு, படைப்பிரிவிலிருந்து அந்த ஆண்டின் ஆள்கணக்கு, அங்கிருந்து வந்த கப்பலும் ஆண்டும், பிறகு கப்பலேற்றப் பட்டியல், கடைசியாக டெப்போ பதிவேடு. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இந்தச் சங்கிலிதான் அவர்களைப் பிரித்துக் காட்டும். கம்பெனிக் கப்பல்களின் பயணக் குறிப்பேடுகள் 'எல்/மார்/பி' வரிசையில் உள்ளன. பல குறிப்பேடுகளில் ஏறிவந்த சிப்பாய்களின் பெயர்ப் பட்டியலே இருக்கிறது.

டெப்போ பதிவேட்டை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம், படையில் சேர்ந்த இடத்துக்கு ஒரு கட்டம். சேர்ந்த இடம் பெரும்பாலும் லண்டன், லிவர்பூல், டப்ளின், பிரிஸ்டல் போன்ற பெருநகரம். வேலை தேடி வந்த பையன் அங்கே ஆள்பிடிக்கும் சார்ஜென்ட்டிடம் மாட்டினான் என்பதைத் தவிர அதற்கு அர்த்தமில்லை. அதையே சொந்த ஊராகக் கொள்ளக் கூடாது. பாரிஷ் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். பையனின் வட்டார உச்சரிப்பு, குமாஸ்தாவின் காது, பிறகு பிரதி எடுத்தவரின் கண் ஆகிய மூன்றையும் தாண்டி அந்தப் பெயர் உங்களிடம் வருகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அந்தக் கவுண்டியின் பாரிஷ் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சட்டன், நார்ட்டன், நியூபோர்ட் போன்ற பெயர்கள் பல கவுண்டிகளில் உண்டு. கவுண்டி இல்லாமல் பாரிஷ் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வயதைச் சிறுவர்கள் கூட்டிச் சொன்னார்கள், வயதானவர்கள் குறைத்துச் சொன்னார்கள். பொய்ப் பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு: வேறு படையை விட்டு ஓடியவர், மனைவியை விட்டு வந்தவர், எஜமானிடம் தொழில் பழகும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டவர். சொன்ன ஊரில் அந்தக் குடும்பப் பெயரே இல்லையென்றால் இந்தச் சாத்தியத்தை எண்ணிப் பாருங்கள். அம்மாவின் கன்னிப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

அரசுப்படை ஆள் என்றால் கியூவில் 'டபிள்யூஓ 97' என்ற ஓய்வூதியச் சிப்பாய்களின் விலகல் தாள்களை எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். 1760 முதல் உள்ள அந்தத் தாள்களில் பிறந்த பாரிஷ் இருக்கும். ஆனால் 1883க்கு முன்னால் ஓய்வூதியம் பெற்று விலகியவர்களுக்குத்தான் அங்கே தாள் உண்டு. இந்தியாவில் காலராவில் இறந்தவருக்கு இராது. அப்படிப்பட்டவர்களுக்கு 'டபிள்யூஓ 12' ஆள்கணக்குப் பட்டியல்கள். ஒவ்வொரு காலாண்டுக் கணக்கின் கடைசியிலும் இறந்தவர், விலகியவர் பெயர்களோடு பிறந்த ஊரும் தொழிலும் வரும். 'டபிள்யூஓ 25'இல் உள்ள இறப்பு அறிக்கைகளில் நெருங்கிய உறவினரின் பெயர்கூடக் கிடைக்கலாம். இதில் இன்னொன்று கவனியுங்கள். அரசு ரெஜிமென்ட் ஒன்று தாயகம் திரும்பும்போது, இங்கேயே இருக்க விரும்பியவர்கள் வேறு ரெஜிமென்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம். இங்கே குடும்பம் வைத்திருந்தவர்கள் அப்படித்தான் தங்கிவிட்டார்கள். உங்கள் ஆள் திடீரென்று ஒரு பட்டியலிலிருந்து காணாமல் போனால் அதே மாதம் பக்கத்து ரெஜிமென்ட்டின் பட்டியலைப் பாருங்கள்.

1858க்குப் பிறகு கம்பெனியின் ஐரோப்பியப் படைகளும் அரசுக்குப் போயின. மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்டின் பிற்காலப் பெயரான மதராஸ் ஃபியூசிலியர்ஸ் 102ஆம் ரெஜிமென்ட்டாகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் ஒரு பட்டாலியனானது. ஆகவே 1850களில் வந்து 1870களில் ஓய்வு பெற்றவருக்கு இரண்டு கட்டடங்களிலும் தாள் இருக்கும்.

வீட்டுக் கதை தவறாகவும் இருக்கலாம், சிப்பாயே அல்லாதவராக இருக்கலாம். அதிகாரி என்றால் வேலை மிக எளிது: கேடட் (அதிகாரியாகப் பயிற்சிக்குச் சேரும் இளைஞர்) விண்ணப்பத் தாள்களில், 'எல்/மில்/9'இல், ஞானஸ்நானச் சான்றிதழையே இணைத்திருப்பார்கள். கம்பெனியின் ஒப்பந்த சிவில் அலுவலருக்கு (அவர்களின் தொடக்கப் பதவி 'ரைட்டர்') 'ஜே/1' வரிசையில் விண்ணப்பமும் சான்றிதழும். ஆனால் மதராஸ் பதிவில் 'ரைட்டர்' என்று கண்டதும் ஜே/1க்கு ஓட வேண்டாம். சாதாரண அலுவலகக் குமாஸ்தாவையும் அப்படித்தான் எழுதினார்கள். 1791இல் கம்பெனி இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களை ஒப்பந்தப் பணிகளிலிருந்து விலக்கிய பிறகு, குமாஸ்தா ரைட்டர்களில் பெரும்பகுதி இங்கேயே பிறந்தவர்கள். அப்படியென்றால் இங்கிலாந்திலிருந்து வந்தவர் இன்னும் ஒரு தலைமுறை மேலே இருக்கிறார்.

தனி வணிகர்கள் 1833 சாசனச் சட்டம் வரை கம்பெனியின் அனுமதி பெற்றுத்தான் வந்து குடியேற வேண்டும். அனுமதி கேட்டபோது ஜாமீன் நின்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அப்பா, மாமா, அண்ணன். அதுவே ஊருக்கு வழிகாட்டும். பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி 1788இல் அப்படி வந்தவர்தான், அவர் வேல்ஸ்காரர். மதராஸ் ஆவணங்களில் 'ஆங்கிலேயர்' என்று கிடக்கும் பெயர்களில் வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்கள் எவ்வளவு என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. கவர்னராக இருந்த எலிஹு யேல் இன்னும் ஒரு படி மேலே: குடும்பம் வேல்ஸின் ரெக்ஸம் பக்கம், பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டன். 1802இல் பரங்கிமலையில் அளவைக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் யார்க்‌ஷயர்காரர். மதராஸ் அரசுக்காக உழைத்தும், அவர் அரசின் 33ஆம் ரெஜிமென்ட் அதிகாரி. ஆகவே கம்பெனியின் கேடட் தாள்களில் அவரைத் தேடிப் பயனில்லை. பெரிய மனிதருக்கே இப்படியென்றால் சாதாரண ஆள் விஷயத்தில் எத்தனை கவனம் வேண்டும்!

எந்த வகை ஆளானாலும் உயிலைத் தேடாமல் விடாதீர்கள். மதராஸில் நிரூபிக்கப்பட்ட உயில்களின் நகல்கள் 'எல்/ஏஜி/34/29'இல். இறந்தவரின் சொத்துப் பட்டியல்கள் 'எல்/ஏஜி/34/27'இல். இங்கிலாந்தில் சொத்து இருந்தவருடைய உயில் கேன்டர்பரி பேராய நீதிமன்றத்துக்கும் போயிருக்கும். 1858 வரையிலான அவை கியூவில் 'பிராப் 11'. 'இன்ன ஊரில் இருக்கும் என் சகோதரிக்கு' என்ற ஒரு வரி போதும். சார்ஜென்ட்கள்கூட உயில் எழுதினார்கள், அதில் இங்கே உள்ள மனைவி மக்களும் அங்கே உள்ள தாயும் ஒரே தாளில் வருவார்கள். இரண்டு கரைகளையும் சேர்த்துக் கட்டும் ஆவணத்துக்கு இதைவிட உறுதியானது வேறில்லை.

பாரிஷ் தெரிந்த பிறகு

இப்போதுதான் இங்கிலாந்து. பாரிஷ் பதிவேடுகள் 1538இல் தொடங்கின. 1598 முதல் பிஷப்புக்கு ஆண்டுதோறும் ஒரு நகல் போனது. பதிவேடு கிழிந்திருந்தால் பிஷப் நகலைக் கேளுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். 1813 ஜனவரி முதல் அச்சடித்த படிவம் வந்தது, அதில் அப்பாவின் தொழிலும் இருப்பிடமும் உண்டு. அதற்கு முன்னால் பெற்றோர் பெயர் மட்டுமே இருப்பது வழக்கம். 1752க்கு முன்னால் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1740 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1741. கம்பெனியின் தொடக்ககால ஆட்களைத் தேடுகிறவர்கள் இதில் ஒரு வருடம் தவறவிடுகிறார்கள்.

பதிவேட்டில் சொன்ன வயதுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு எடுத்து, அந்தப் பாரிஷிலும் சுற்றியுள்ள எட்டுப் பத்து பாரிஷ்களிலும் அந்தப் பெயருள்ள எல்லா ஞானஸ்நானங்களையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவராக நீக்குங்கள். அதே பாரிஷில் சிறுபிள்ளையாக அடக்கமானாரா? கல்யாணம் ஆகி அங்கேயே இருந்தாரா? 1841, 1851 குடிக்கணக்குகளில் உயிரோடு அங்கே இருக்கிறாரா? அப்படியென்றால் அவர் உங்கள் ஆள் இல்லை. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கம் இருந்ததால் இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கடைசியில் ஒருவர் மிஞ்சினால், அவர் அப்பாவின் தொழிலும் டெப்போ பதிவேட்டில் உள்ள தொழிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நெசவாளி மகன் நெசவாளி என்று பதிந்திருந்தால் நம்பிக்கை கூடும்.

1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பதிவு முன்பே கப்பலேறியவருக்கு உதவாது என்று விட்டுவிடுகிறார்கள். அவருடைய தம்பி தங்கைகளுக்கு அது உதவும். 1837க்குப் பிறகு நடந்த அவர்கள் திருமணத்தின் சான்றிதழில் அப்பாவின் பெயரும் தொழிலும் உண்டு. 1851 குடிக்கணக்கில் வயதான பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் எந்தப் பாரிஷில் பிறந்தார்கள் என்று இருக்கும் (1841இல் அதே கவுண்டியா இல்லையா என்று மட்டும்தான்). மகன் 1825இல் போய்விட்டாலும் குடும்பம் அங்கேதான் இருந்தது.

ஏழைக் குடும்பம் என்றால் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் உள்ள ஏழை நிவாரணத் தாள்களைக் கேளுங்கள். கணவன் கம்பெனிப் படைக்குப் போய்விட்டான் என்று பாரிஷ் உதவி கேட்ட மனைவியின் வாக்குமூலம் அங்கே இருக்கக்கூடும். அவர் மதராஸில் மணந்துகொண்டபோது ஊரில் ஒரு மனைவி இருந்தார் என்பதும் அதில்தான் தெரியவரும். வீட்டில் சொல்வதற்குக் கஷ்டமான செய்திதான், ஆனால் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஞானஸ்நானமே கிடைக்கவில்லையா? ஆங்கிலிக்கன் அல்லாத சபையாக இருக்கலாம். அந்தச் சபைகளின் பதிவேடுகள் கியூவில் 'ஆர்ஜி 4'. பிறந்த இடம் அயர்லாந்து என்று வந்தால் பாதை கடினம். கம்பெனிச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். 1922 ஜூனில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகமும் அங்கிருந்த ஆவணக் காப்பகமும் எரிந்தபோது ஆங்கிலிக்கன் பதிவேடுகளில் பெரும்பகுதியும் 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளும் அழிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகள் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் அவற்றின் படங்கள் இலவசம். ஸ்காட்லாந்து என்றால் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளம் ஒன்றே போதும்.

தாய்வழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1687இலேயே கம்பெனி இயக்குநர்கள் கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஆதரித்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா (அந்நாளைய பொன் நாணயம்) கொடுக்கலாம் என்று எழுதினார்கள். ஆனால் அந்தத் தாய்மார்களின் பெயர்கள் பதிவேடுகளில் பெரும்பாலும் இல்லை. 'சுதேசிப் பெண்' என்றோ, ஞானஸ்நானத்தில் வைத்த மேரி, அன்னா போன்ற பெயரோடோ நின்றுவிடும். ஆங்கிலேயரின் கிராமத்தைக் கண்டுபிடிக்கச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை அந்தப் பெண்ணுக்கும் கொடுங்கள். உயில், சொத்துக் கணக்கு, படையின் அநாதை விடுதிப் பதிவுகள், கத்தோலிக்கப் பங்குப் பதிவேடு ஆகியவற்றில் அவருடைய தமிழ்ப் பெயரோ தெலுங்குப் பெயரோ எங்காவது ஒரு முறை எழுதப்பட்டிருக்கலாம். உங்கள் வம்சத்துக்கு அவரும் சமமான தொடக்கம்.

டி.என்.ஏ. சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். இத்தனை விழுக்காடு ஆங்கிலேயர் என்று காட்டும் வரைபடத்தால் ஊர் தெரியாது. பயன் தருவது பொருந்தும் உறவினர் பட்டியல். 1805இல் பிறந்தவர் உங்களுக்கு ஐந்து தலைமுறை மேலே என்றால் அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது சராசரி மூன்று விழுக்காடு. அவருடைய உடன்பிறந்தவர்களின் வாரிசுகள் உங்களுக்கு அதைவிடத் தூரம். அவர்களில் பலரோடு எந்தப் பொருத்தமும் காட்டாது. அதனால் வீட்டிலேயே மிகவும் வயதானவரை முதலில் சோதியுங்கள். அப்பா வழியாகவே குடும்பப் பெயர் இறங்கியிருந்தால், அந்த வழி ஆண் ஒருவருக்கு ஒய் குரோமோசோம் சோதனை செய்யலாம். அதுவும் ஆவணத்தில் கண்டுபிடித்த குடும்பத்தை உறுதிப்படுத்தத்தான், ஆவணத்துக்குப் பதிலாக இல்லை. இந்த ஆராய்ச்சியை வைத்து பிரிட்டன் விசா வாங்கலாமா என்றால், முடியாது. மூதாதை வழி விசாவுக்குத் தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும்.

லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் எந்த வரிசை இப்போது கிடைக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதல் அங்கே பட்டியல்களையும் சேவைகளையும் கடுமையாகப் பாதித்தது. போக முடியாதவர்கள் கூலிக்கு ஆராய்ச்சியாளர் வைக்கலாம். அப்போது 'என் மூதாதையைக் கண்டுபிடியுங்கள்' என்று எழுதாதீர்கள், காசு கரைந்துவிடும். பெயரின் எல்லா எழுத்து வடிவங்கள், படைப்பிரிவு, அவர் பெயர் கிடைத்த முதல் ஆண்டும் கடைசி ஆண்டும், நீங்கள் ஏற்கெனவே பார்த்த வரிசைகள், பார்க்க வேண்டிய வரிசையின் எண் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பதிலாகச் சுருக்கக் குறிப்பு வேண்டாம்; முழுப் பக்கத்தின் படம், தொகுதி எண், பக்க எண் வேண்டும். பார்த்தும் கிடைக்காத தொகுதிகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த முறை அதே தொகுதிக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியிராது.